லோர்ட் ஹாவ் தீவில் ஒரு திவசமும் பறக்காத பறவையும்

2023ஆம் ஆண்டு ஒக்டோபர் 15ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை தொடக்கம் 20ஆம் திகதி வெள்ளிக்கிழமை வரை நானும் என் மனைவி இராசமலரும் லோர்ட் ஹாவ் தீவில் தங்கியிருந்தோம். சிட்னியிலிருந்து வடகிழக்கே ஏறக்குறைய 780 கிலோமீற்றர் தொலைவில், கடல் நடுவே தனித்துக் கிடக்கும் சிறு தீவு இது. நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்துக்கே உரியதாகையால் கடவுச்சீட்டு வேண்டியதில்லை. நாம் வசிக்கும் சிட்னிப் புறநகரான நோர்த்மீட்டில் எம்மை அறிந்தவர்கள் பலர் "அங்கே போய் என்ன பார்த்தீர்கள்?" என்று கேட்டுவிட்டார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியே சொல்வதிலும் ஒருமுறை ஒழுங்காக எழுதிவிடுவது மேல் என்று தோன்றியது.

நாம் பார்க்கச் சென்றது ஒரு பறவையை. அதன் பெயர் வுட்ஹென். காட்டுக்கோழி என்று பெயர்த்துவிடலாம்தான். ஆனால் இலங்கைக் காடுகளில் உள்ள காட்டுக்கோழிக்கும் இதற்கும் எவ்விதத் தொடர்பும் இல்லை. இது குளக்கரைகளில் ஓடித்திரியும் கானாங்கோழியின் உறவு. பழுப்பு நிறம், சிறிது வளைந்த நீண்ட அலகு, சிவந்த கண். சிறகு உண்டு, ஆயினும் பறக்க இயலாது. இந்தத் தீவின் காட்டைத் தவிர உலகில் வேறெங்கும் இது இயல்பாக வாழ்வதில்லை.

மனிதர் வந்து சேரும்வரை இதற்குப் பறக்கவேண்டிய தேவையே இருக்கவில்லை. பின்னர் மனிதரோடு பன்றியும் பூனையும் எலியும் வந்தன. 1980ஆம் ஆண்டளவில் முப்பதுக்கும் குறைவான பறவைகளே எஞ்சியிருந்தன. அவையும் பெரும்பாலும் 875 மீற்றர் உயரமான கவர் மலையின் உச்சியில் ஒதுங்கிக் கிடந்தன. அங்கிருந்து மூன்று சோடிகளைக் கீழே கொண்டுவந்து கூட்டில் வளர்த்து, பெருக்கி, மீண்டும் காட்டில் விட்டார்கள். 2019ஆம் ஆண்டு தீவு முழுவதும் எலிகளுக்கு நஞ்சு வைத்தபோது, வுட்ஹென்கள் அதைத் தின்றுவிடாதிருக்க அவற்றுட் பெரும்பாலானவற்றைப் பிடித்து மாதக்கணக்கில் கூடுகளில் வைத்துப் பராமரித்தார்கள். எலிகள் ஒழிந்தபின் பறவைகள் பல மடங்கு பெருகியுள்ளன. ஆயினும் ஆபத்துக்குட்பட்ட உயிரினங்களின் பட்டியலிலிருந்து இன்னும் நீங்கவில்லை. ஓர் இனம் முழுவதும் ஒரே தீவில் இருக்கும்போது, ஒரு படகில் வரும் நாலு எலிகளோ ஒரு தொற்றுநோயோ போதும்.

நான் நில அளவையாளனாகத் தொழில் பார்த்து ஓய்வுபெற்றவன். முப்பதுக்குக் கீழே போன ஒன்று திரும்பி வந்தது என்று வாசித்தால் அதை நேரில் சரிபார்க்காமல் இருக்க முடியாது. திரும்பி வந்தவற்றைப் பற்றிய செய்திகள் என் வாழ்நாளில் அதிகம் கிடைத்ததுமில்லை.

பயணச்சீட்டை ஜனவரியிலேயே எடுத்துவிட்டேன். ஒரே சமயத்தில் 400 சுற்றுலாப் பயணிகளுக்கு மேல் தீவில் தங்க அனுமதியில்லையாதலால் முந்திக்கொள்ளவேண்டும். திகதியைத் தெரிவு செய்யும்போது ஒரு விடயத்தைக் கவனித்தே செய்தேன் என்று எண்ணியிருந்தேன். மலரின் அண்ணர் 2018ஆம் ஆண்டு புரட்டாசி மாதம் பூர்வபக்கத் திரிதியையில் எமது வீட்டில் காலமானார். மணம் முடிக்காதவர், பிள்ளைகள் இல்லை. ஆண்டுதோறும் அந்தத் திதியில் அவருக்குச் சமைத்து, இலையிற் படைத்து, காகத்துக்குச் சோறு வைப்பதற்கு உலகில் மலரைத் தவிர வேறொருவரும் இல்லை. பஞ்சாங்கத்தைப் பார்த்தேன். செப்டெம்பர் 18 என்றிருந்தது. பயணத்துக்கு ஒரு மாதம் முந்தி. நல்லது என்று பணத்தைக் கட்டிவிட்டேன்.

செப்டெம்பர் முதல் வாரத்தில் மலர் கோயில் ஐயரோடு தொலைபேசியிற் பேசிவிட்டு வந்தார்.

"இஞ்சருங்கோ, இந்த முறை புரட்டாசிக்குள்ள அந்தத் திதி ரெண்டு தரம் வருதாம். பிந்தி வாறதைத்தான் எடுக்கோணுமாம். நீங்கள் முந்தினதைக் குறிச்சுப் போட்டீங்கள்."

மீண்டும் பார்த்தேன். மாதத்தின் முதல் நாளிலும் திரிதியை, கடைசி நாளிலும் திரிதியை. கடைசி நாள் ஒக்டோபர் 17, செவ்வாய்க்கிழமை. நாம் தீவில் நிற்கும் நாள். எனது மேசையில் மூன்று நாட்காட்டிகள் உண்டு என்பதை இங்கு குறிப்பிடவேண்டியதில்லை.

"அப்ப பயணத்தை நிப்பாட்டுவம்," என்றேன்.

"ஏன்? நோர்த்மீட்டில வைச்சாத்தான் சாப்பிடுவன் எண்டு அண்ணா எழுதித் தந்தவரே? அங்கயும் காகம் இருக்குந்தானே?"

"காகம் இல்லாத ஊர் எங்க இருக்கு, மலர்."

வுட்ஹென்னைப் பற்றிக் கிடைத்த எல்லாவற்றையும் வாசித்திருந்த நான், காகத்தைப் பற்றி ஒரு வரியும் தேடிப் பார்க்கவில்லை. யார்தான் தேடுவார்கள்?

15ஆம் திகதி காலை 7.10க்கு நோர்த்மீட்டிலிருந்து வாடகைக் காரில் புறப்பட்டோம். விமான நிலையத்துக்கு 33 கிலோமீற்றர், கட்டணம் 92 டொலர். சாரதி திருச்சிக்காரர், முப்பது வயதிருக்கும். பெட்டிகளைத் தூக்கிவிட்டு வியந்தார்.

"என்ன அங்கிள், பெட்டி இவ்ளோ லேசா இருக்கு? ஊருக்குப் போறவங்க பெட்டின்னா என் இடுப்பு போயிரும்."

"சிறிய விமானம். ஆளுக்குப் பதினான்கு கிலோதான்."

"எங்க போறீங்க?"

சொன்னேன். பறவை பார்க்க என்றும் சொன்னேன்.

"பறவையா? அதுக்குக் காசு கொடுத்து ஃப்ளைட்டா? என் வீட்டு பால்கனிக்கு வாங்க அங்கிள். காக்கட்டூ வந்து கதவையே தின்னுக்கிட்டு இருக்கு, ஃப்ரீயா பாக்கலாம்."

"அதைத்தான் தம்பி நானும் சொன்னனான். இவர் கேட்டால்தானே," என்றார் மலர். இருவரும் விமான நிலையம் வரை என்னை விடவில்லை.

விமானம் இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாகப் பறந்தது. இடப்பக்க ஆசனம் கிடைத்தால் நன்று என்று சிலர் சொல்கிறார்கள். அது ஓடுபாதையில் எத்திசையிலிருந்து இறங்குகிறார்கள் என்பதைப் பொறுத்தது. நான் வலப்பக்கம் இருந்து இரண்டு மலைகளையும் முழுமையாகப் பார்த்தேன். தீவின் நேரத்தைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். குளிர்காலத்தில் இங்கு சிட்னியைவிட அரை மணி நேரம் முந்தியிருக்கும். கோடையில் சிட்னி ஒரு மணி நேரம் முன்னே நகர, தீவோ அரை மணி மட்டுமே நகர்ந்து இரண்டும் ஒன்றாகிவிடும். ஆகவே ஒக்டோபரில் கடிகாரத்தைத் தொடவேண்டியதில்லை. நான் தொடுவதற்கு ஆயத்தமாயிருந்தேன்.

விடுதியின் உரிமையாளர் ஜென்னி விமான நிலையத்துக்கு வந்து எம்மை ஏற்றிச் சென்றார். அறுபதைத் தாண்டியவர், தீவிலேயே பிறந்தவர். எமக்குக் கிடைத்தது குசினியோடு கூடிய தனி அறை, இரவொன்றுக்கு 310 டொலர். பின்கதவைத் திறந்தால் பத்து அடியில் கென்டியாப் பனைகள் அடர்ந்த காடு. தீவில் கைத்தொலைபேசிக்கு இணைப்புக் கிடையாது. முதல் ஒரு மணி நேரம் மலர் அதைப் பெரிய குறையாகச் சொன்னார். பிறகு மறந்துவிட்டார்.

அன்று மாலை வராந்தாவில் தேநீர் அருந்துகையில் ஒரு கரிய பறவை வேலியில் வந்திருந்தது.

"பாத்தீங்களே, காகம்," என்று மலர் ஆறுதலடைந்தார்.

கண் மஞ்சளாக இருந்தது. வாலில் வெள்ளை. "மலர், இது காகமில்லை. கரவொங்."

"கறுப்பாத்தானே இருக்கு?"

"கறுப்பா இருக்கிறதெல்லாம் காகமே?"

மறுநாள் காலை ஜென்னியிடம் கேட்டேன். தீவில் காகங்கள் குடியிருப்பதில்லை என்றார். மலர் என்னைப் பார்த்தார். ஏசியிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

16ஆம் திகதி முற்பகல் கடற்கரை வீதியின் தென் முனைக்கு ஜென்னி எம்மைக் கொண்டுபோய் விட்டார். அங்கிருந்து லிட்டில் ஐலண்ட் என்னும் இடத்துக்கு மலையடிவாரமாக ஒரு நடைபாதை செல்கிறது. பெரும்பாலும் சமதரை, எழுபத்தெட்டு வயது முழங்கால்களுக்கு உகந்தது. வுட்ஹென்னைப் பார்க்கும் முறையை ஜென்னி சொல்லித் தந்திருந்தார். மற்றப் பறவைகளைப் பார்க்கப் போனால் சத்தம் போடக்கூடாது. இதற்கோ சத்தம் போடவேண்டும். பழக்கமில்லாத ஓசை கேட்டால், அது என்னவென்று பார்க்கத் தானே நடந்து வரும்.

இரண்டு கற்களை எடுத்துத் தட்டினேன். ஒன்றும் வரவில்லை. இன்னும் தட்டினேன்.

"நீங்கள் தட்டுறது கதவு தட்டுற மாதிரி இருக்கு. அதுகள் கடன்காரன் எண்டு நினைக்கும்," என்றார் மலர்.

அவர் சிரித்த ஒலிக்கோ என் கற்களுக்கோ தெரியாது, பனைகளுக்கிடையிலிருந்து இரண்டு பறவைகள் நடந்து வந்தன. ஓடவில்லை, பதுங்கவில்லை. கல்யாண வீட்டில் யார் வந்திருக்கிறார்கள் என்று எட்டிப் பார்க்கும் மாமிமார் போல வந்து, என் சப்பாத்தின் நாடாவை ஒன்று இழுத்துப் பார்த்தது. மற்றது மலரின் கைப்பையைச் சுற்றி நடந்தது. நான் படம் எடுக்க மறந்துபோனேன். இவ்வளவு நம்பிக்கையோடு ஓர் உயிர் மனிதரிடம் வருவதைப் பார்க்கையில் மகிழ்ச்சி வருவதற்கு முன் பயம் வருகிறது. இதைப் பிடிக்கப் பூனைக்குக் கூட ஓடவேண்டியிருந்திருக்காது.

அன்று மாலை மலர் ஜென்னியிடம் சென்று விடயத்தைத் தெளிவாகச் சொன்னார். அவர்கள் ஆங்கிலத்திற் பேசியதை இங்கு தமிழில் தருகிறேன்.

"நாளை என் அண்ணனின் நினைவு நாள். சமைத்து இலையில் வைக்கவேண்டும். ஒரு பறவை வந்து சாப்பிட்ட பிறகுதான் நான் சாப்பிடலாம்."

"எந்தப் பறவை?"

"வழக்கமாகக் காகம்."

"கரவொங்கைக் கூப்பிடாதீர்கள். அது இங்கே சோற்றுக்கு வந்து பழகினால், பக்கத்தில் உள்ள குஞ்சுகளையும் தூக்கும்."

"வுட்ஹென்?"

ஜென்னி கதிரையை இழுத்துப் போட்டு அமர்ந்தார். "இந்த வீட்டுக்குப் பின்னால் ஒரு சோடி இருக்கிறது. போன வருடம் வேறொரு சோடி இருந்தது. இங்கு தங்கியவர்கள் பிஸ்கற் போட்டார்கள். நல்ல மனிதர்கள்தான். அதன்பிறகு யார் வந்தாலும் பிஸ்கற் என்று அவை முன்பக்கம் வரத் தொடங்கின. பிறகு வீதிக்கு வந்தன. இங்கே வாகனம் மணிக்கு இருபத்தைந்து கிலோமீற்றருக்கு மேல் ஓடமுடியாது. ஆனாலும் போதுமாயிருந்தது."

"இரண்டுமா?"

"முதலில் ஒன்று. மற்றது பல நாட்கள் அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தது." அவர் எழுந்தார். "விலங்குகளுக்கு உணவு போடக்கூடாது என்பது விதி. அதைச் சொல்லவேண்டியது என் கடமை, சொல்லிவிட்டேன். ஆனால் உங்கள் அண்ணனை வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தோட்டத்தில் வாழை இருக்கிறது, இலை வெட்டிக்கொள்ளுங்கள்."

17ஆம் திகதி மலர் அதிகாலையிலேயே குளித்துவிட்டுச் சமைக்கத் தொடங்கினார். அரிசி, பருப்பு, மிளகாய்த்தூள் ஆகியன நோர்த்மீட்டிலிருந்து மூடிய பொதிகளில் வந்தவை. பூசணியும் உருளைக்கிழங்கும் தீவின் கடையில் வாங்கியவை. அவருக்கு நீரிழிவு உண்டு. மாத்திரையை நிறுத்திவைத்து வெறும் வயிற்றோடு நின்றார். எனக்கு அன்று பறவை, திதி, விதி எல்லாவற்றிலும் பார்க்க அதுவே கவலையாக இருந்தது.

"ஒரு வாய் பால் குடியும்."

"அண்ணா சாப்பிடட்டும்."

"அவர் வராட்டில்?"

"வராட்டில் பாப்பம்."

பதினொன்றரை மணிக்குப் பின்கதவுக்கு அப்பால், பனைகளின் ஓரமாக, வாழையிலையை விரித்துச் சோறும் கறிகளும் வைத்தார். தண்ணீர் சுற்றிக் கும்பிட்டார். பிறகு, நாற்பது ஆண்டுகளாகச் சிட்னியின் பின்வளவுகளில் எப்படிக் கூப்பிட்டாரோ அப்படியே, "கா... கா... கா..." என்று உரத்துக் கூப்பிட்டார்.

காகம் வரவில்லை. வருவதற்கு இல்லை. ஆனால் அப்படி ஓர் ஓசையை அந்தக் காடு அதற்கு முன் கேட்டிருக்காது. இரண்டாம் முறை கூப்பிட்டபோதே உலர்ந்த ஓலைகளுக்கு நடுவிலிருந்து ஒரு வுட்ஹென் தலையை நீட்டியது. நேரே மலரை நோக்கி நடந்து வந்தது. அதன் சோடி சற்றுப் பின்னால்.

நான் கதவடியில் நின்றேன். இலைக்கும் பறவைக்கும் இடையில் ஒரு பாகம், ஆறடி தூரம் இருந்தது. மலர் இலையைப் பார்த்தார், பறவையைப் பார்த்தார். அது வந்து ஒரு வாய் எடுத்தால் போதும், அவர் செய்யவேண்டியது முடிந்தது.

பின்னர் குனிந்து, சோற்றை இரண்டு கைகளாலும் அள்ளிச் சட்டியிற் போட்டார். கறிகளையும் போட்டார். பறவை வந்து அவருடைய சேலைக் கரையை இழுத்துக்கொண்டிருக்க, மிஞ்சிய பருக்கைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கினார். சட்டியை மூடி என்னிடம் தந்தார்.

"முப்பதில இருந்து வந்ததுகள், இல்லையே?" என்றார். "என்ர சோத்தைத் திண்டுபோட்டு றோட்டுக்குப் போகவேண்டாம்."

"அப்ப நீர்?"

"பாப்பம்."

வெறும் இலை நிலத்திற் கிடந்தது. வுட்ஹென் அதன்மேல் ஏறியது. உள்ளே ஒன்றுமில்லை என்று கண்டு, அலகை இலைக்குக் கீழே கொடுத்து ஒரே தட்டில் புரட்டிப் போட்டது. தண்ணீர் ஊறியிருந்த மண்ணைக் கிளறியது. ஒரு நீளமான புழுவை இழுத்தெடுத்து, இரண்டு முறை உதறி, விழுங்கியது. மற்றதும் வந்து இலையின் மறுபக்கத்தைக் கிளறத் தொடங்கியது.

மலர் கைகளைக் கூப்பியபடியே நின்றார். "சாப்பிட்டிட்டார்," என்றார்.

எனக்கு விடமுடியவில்லை. "இண்டைக்கு மச்சம் ஆகாது, மலர்."

"அண்ணா எப்பயப்பா மச்சம் இல்லாமச் சாப்பிட்டவர்? அஞ்சு வருஷமா நான் கத்தரிக்காயும் பருப்புமா வைக்கிறன், மனுசன் பாவம்." கண்ணைத் துடைத்துக்கொண்டு சட்டியை வாங்கினார். "வாங்கோ, எனக்குப் பசிக்குது."

ஜென்னியையும் அழைத்து மூவருமாகச் சாப்பிட்டோம். அண்ணா வந்து புழு சாப்பிட்ட கதையை மலர் சொல்லக் கேட்டபடி, பூசணிக் கறியை ஜென்னி மறுமுறையும் கேட்டு வாங்கினார்.

செல்ல விரும்புவோருக்குச் சில சொற்கள். இருவருக்கும் போகவர விமானக் கட்டணம் 2,280 டொலர் ஆயிற்று. கடைசி நேரத்தில் மலிவாகக் கிடைக்கும் என்று காத்திருக்கவேண்டாம், கிடைக்காது. பொருள்கள் கப்பலில் வருவதால் கடையில் விலை அதிகம், ஆகவே உலர் உணவைக் கொண்டுசெல்லுங்கள், ஆனால் எல்லாவற்றையும் தீவின் உயிர்ப்பாதுகாப்பு அதிகாரிகளுக்கு முன்கூட்டியே அறிவியுங்கள். கடுகும் வெந்தயமும் விதைகள் என்பதை எம்மவர்கள் மறந்துவிடுகிறார்கள். நான் கேட்டபோது அவற்றை வீட்டிலேயே விடச் சொன்னார்கள், விட்டுவிட்டோம். சப்பாத்தின் அடியை மண் இல்லாமற் கழுவிச் செல்லுங்கள். நடைபாதைகளின் தொடக்கத்தில் தூரிகை வைத்திருப்பார்கள், அங்கும் தேயுங்கள். கவர் மலைக்கு வழிகாட்டியுடன்தான் போகலாம், முழு நாளும் வேண்டும். எமது வயதினர் முயலவேண்டாம், பறவை கீழேயே கிடைக்கிறது. இரண்டு கற்கள் போதும். கையில் உணவு இருந்தால் பைக்குள் வைத்து மூடிவிட்டுத் தட்டுங்கள்.

திதி, திவசம் உள்ளவர்கள் பயணச்சீட்டு எடுக்கமுன் ஐயரைக் கேளுங்கள். பஞ்சாங்கம் பார்க்கத் தெரிந்தவர்கள் கட்டாயம் கேளுங்கள்.

20ஆம் திகதி ஜென்னியே எம்மை விமான நிலையத்தில் இறக்கிவிட்டார். பெட்டிகளை இறக்கும்போது மலர் அவரிடம் கேட்டார்: "அந்தச் சோடி முன்பக்கம் வந்ததா? வீதிப் பக்கம்?" மூன்று நாட்களாக மனதில் வைத்திருந்திருக்கிறார், என்னிடமும் சொல்லவில்லை.

"இல்லை," என்றார் ஜென்னி. "இன்று காலை துணி காயப்போடும்போது உங்கள் அண்ணனைப் பார்த்தேன். காட்டோரத்தில் இலை கிளறிக்கொண்டிருந்தார். குட் மோர்னிங் சொன்னேன். திரும்பியும் பார்க்கவில்லை."